பகுதி ஆறு: போட்டியாளர்கள்

தார்கானுக்கு ரயில் விடியுமுன் சேர்ந்தது.
வெப்பமானியில் முப்பத்தொன்று,
முன்னால் ஒரு கழித்தல் குறி.
அடுத்த ஒன்பது நாள் நான் பார்த்த
கணக்குகளிலும் அதே குறிதான்.

அரசுக் கழிவுநீர் நிறுவனம், இரண்டாம் மாடி.
தலைமைக் கணக்கர் யாஞ்சிமா
கையுறையைக் கழற்றாமலே பேரேட்டைத் திறந்தார்.
ஒரு கனமீட்டரைச் சுத்தம் செய்ய
ஆயிரத்து நூற்று நாற்பது துக்ரிக்.
வாங்க அனுமதி அறுநூற்றுத் தொண்ணூறு.
"மீதி?" என்றேன்.
"மே மாதம் வரும். பனி உருகினால்.
அமைச்சகம் உருகினால்."
சிரிக்கவில்லை. தேநீரில் உப்புப் போட்டார்.

நிலுவைப் பட்டியலில் முதலாவது மருத்துவமனை.
அப்புறம் நான்கு பள்ளிகள்.
அப்புறம், நம்பினால் நம்புங்கள்,
என்னை அனுப்பிய அமைச்சகத்தின் உள்ளூர்க் கிளை.
பணம் கட்டாதவன் குழாயை அடைக்கலாம்தான்.
அடைத்தால் எந்தத் தெருவில் பொங்கும்
என்று யாரும் எழுதிக் கொடுக்கமாட்டார்கள்.

சொத்து: காற்றூதிகள் மூன்று,
ரஷ்யர்கள் விட்டுப்போனவை.
தேய்மானம் முழுதும் கழிந்து
ஏட்டு மதிப்பு பூஜ்யம்.
தொட்டிக்கரையில் போய் நின்றேன்.
பூஜ்யம் உறுமிக்கொண்டிருந்தது.
கைவைத்தேன். சுட்டது.

"நூறு துக்ரிக் செலவில் நாற்பத்தொன்று மின்சாரம்.
இதில் ஒன்றை நிறுத்தினால்?"
இரவு ஷிப்ட் லுவ்சாந்தோர்ஜ்
குடுவையில் பழுப்புச் சேற்றை மொண்டு
என் மூக்குக்கு நேரே நீட்டினார்.
மழைக்குப் பிந்திய மண்ணின் வாசம்.
"அத்தனையும் உயிர். சம்பளப் பட்டியலில் இல்லை.
காற்றை நிறுத்திப் பாருங்கள்,
வேலைநிறுத்தம் எல்லாம் செய்யாது,
செத்துப்போகும்.
அப்புறம் காராவுக்கு யார் பதில் சொல்வது?"
காரா இங்கே ஓடும் ஆறு.
அடுத்த வீட்டுக்காரியைச் சொல்வதுபோல் சொன்னார்.

அமைச்சகத்தின் படிவத்தில் பகுதி ஆறு:
போட்டியாளர்கள், சந்தைப் பங்கு, பலம், பலவீனம்.
ஊர் மலத்துக்குப் போட்டிபோட்டு
யார் வரப்போகிறார்கள்?
'இல்லை' என்று எழுதி மூடிவிட்டு
மேட்டுப் பக்கம் நடந்தேன்.
கெர் கூடாரங்கள். பலகை வேலிகள்.
ஒவ்வொரு வேலிக்குள்ளும் ஒரு மரக் கொட்டகை,
ஒவ்வொரு கொட்டகைக்குள்ளும் ஒரு குழி.
எண்ணத் தொடங்கினேன்,
பேனா மை உறைந்தது,
விரல்விட்டு எண்ணினேன்.

திரும்பி வந்து 'இல்லை'யை அடித்தேன்.
குழி. சந்தைப் பங்கு நாற்பத்தாறு சதம்.
பலம்: கட்டணம் இல்லை, மின்சாரம் கேட்காது,
மானியத்துக்காக மே வரை காத்திராது,
குளிரில் நாறவும் நாறாது.
பலவீனம்: ஜூன்.

இரண்டாவது போட்டியாளர்,
தோல் பதனிடும் ஆலையின் பின்சுவர்.
இரவு இரண்டு மணிக்கு அங்கிருந்து ஒரு குழாய்
பனிமேல் நீலப்பச்சையில் கையெழுத்துப் போடுகிறது.
பலம்: மீட்டர் இல்லை.
பலவீனம் எழுதுமுன்
ஆலை யாருடைய மைத்துனருடையது என்று
யாஞ்சிமா காதில் சொன்னார்.
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
அதற்கு நான் பெருமைப்படவில்லை.

உலான்பாத்தரிலிருந்து போன்.
"குழிக்கு நிறுவனப் பதிவு எண் உண்டா?"
இல்லை.
"எண் இல்லாமல் படிவம் சேமிக்காது."
அது யாருக்கும் சொந்தமில்லை ஐயா, எல்லாருடையதும்.
"அப்படியானால் அரசு நிறுவனமா?"
இரண்டு பேரும் சற்று நேரம்
கம்பியின் இரைச்சலைக் கேட்டோம்.

அச்சான அறிக்கையில் பகுதி ஆறு:
பொருந்தாது.

கடைசி இரவு. விடுதிக் கழிப்பறை.
சங்கிலியை இழுத்தேன். ஒன்பது லிட்டர்.
வருமானம் ஆறு துக்ரிக்கும் சில்லறையும்.
செலவு பத்தேகால்.
நான் எழுந்து நின்றதில் அவர்களுக்கு
நாலு துக்ரிக் நட்டம்.
நீர் சுழன்றது, தயங்கியது,
முழுதாக இறங்கவில்லை.
கை மறுபடி சங்கிலிக்குப் போய்
அங்கேயே நின்றது.